விமானத்துக்கு வைத்த பொட்டு

என் பெயர் ருக்குமணி. மூங்கிலாற்றுத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கிற அறையில், இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். எனக்கு வாய் நீளம் என்று லயத்து வீடுகளில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எழுபத்தெட்டாம் வருஷம் ஆயுத பூசையன்று அந்த வாய் ஒரு பொய் சொன்னது. கொஞ்ச நேரம் கழித்து ஓர் உண்மையும் சொன்னது. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம்கூட இருக்காது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆயுத பூசை என்றால் எங்கள் தொழிற்சாலையில் பொட்டு வைப்பது நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. மற்றவர்கள் வைத்தால் சந்தனம் வழியும். நான் வைத்தால் வழியாது, அவ்வளவுதான். தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாகக் குழைப்பேன். மோதிர விரலால் எடுத்து ஒரே அழுத்து, நடுவில் குங்குமம். தேயிலை உருட்டுகிற மிஷின், சூட்டடுப்பு, லோரி, தராசு, ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியின் டைப்ரைட்டர் என்று ஒன்றையும் விடமாட்டேன். ஒரு வருஷம் மோட்டார் பம்ப்பை மறந்துவிட்டேன். அது மூன்று மாதம் தண்ணீர் இறைக்காமல் மக்கர் பண்ணியது. அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் வெறி பிடித்துவிட்டது என்றே சொல்லலாம். பொட்டு வைக்க இடம் தெரிந்தால் போதும், விரல் தானாகப் போகும்.

அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் ஒரு விமானம் நின்றது. பெரியது ஒன்றும் இல்லை. இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் உரம் கொட்டுகிற தொட்டி. மஞ்சள் பெயின்ட் அடித்தது. செங்குத்தான மலைகளில் ஆள் ஏறி உரம் போட முடியாத இடத்துக்கெல்லாம் அது பறந்து தூவும். தொழிற்சாலைக்குக் கீழே, பள்ளத்தில் இருந்த பந்து மைதானத்தை நீட்டி அதற்குப் புல் ஓடுபாதை போட்டிருந்தார்கள். ஓட்டுகிறவர் வேறு யாருமில்லை, எங்கள் பழைய பெரிய கிராணியின் மகன் ஆர்தர். டவுசர் போட்ட வயதில் லயத்துக்கு வந்து எங்கள் வீட்டுத் தோசையைத் தின்றுவிட்டு ஓடிய பிள்ளை. கீழே ஈப்போ டவுனில் விமானம் ஓட்டப் படித்து, உரம் தூவுகிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பெரிய ஆளாகிவிட்டாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் அவர் இறங்கி வந்தபோது சக்கரத்தில் தேயிலைக் கொழுந்து மாட்டியிருந்தது. ஒரு கிளையே ஒடிந்து சிக்கியிருந்தது. என் வீட்டுக்காரர் செல்லையாதான் அதைப் பார்த்தார். அவர் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன். எதையும் உற்றுப் பார்க்கிற ஆள்.

"என்னா தம்பி, கொழுந்து பறிக்க ஆளுங்க பத்தலன்னு நீங்களும் இறங்கிட்டீங்களா?" என்று கேட்டாராம்.

ஆர்தர் சிரித்தாராம். ஆனால் முகம் வெளுத்துப் போயிருந்ததாம். மேலே இருந்து பார்த்தால் தேயிலை மலை ஒரே பச்சைப் பாய். கீழே இருக்கிறது ஐம்பது அடியா நூறு அடியா என்று கண்ணுக்குத் தெரியாதாம். விமானத்தில் இருக்கிற பழைய மீட்டரோ கடல் மட்டத்திலிருந்துதான் உயரம் சொல்லும். காலுக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அதற்காகத்தான் கம்பெனி ஒரு புது மீட்டர் வாங்கி அனுப்பியது. அதைப் பொருத்த ஈப்போவிலிருந்து இஞ்சினியர் ராஜநாயகம் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, பைக்குள் எப்போதும் ஒரு டார்ச் லைட். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு வார்த்தை பேசுவார். அந்த இரண்டும் அதட்டலாக இருக்கும். கூட வரவேண்டிய உதவியாளுக்குக் காய்ச்சல் என்பதால், தோட்டத்துத் துரையிடம் கேட்டு என் வீட்டுக்காரரை நாலு நாளைக்குக் கடன் வாங்கிக்கொண்டார்.

அந்த நாலு நாளும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. விமானத்தின் வயிற்றில் இரண்டு ஓட்டை போட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு ஏரியல் வைத்தார்கள். ஒன்று ரேடியோ அலையைக் கீழே அனுப்புமாம். தரையில் பட்டுத் திரும்பி வருவதை இன்னொன்று வாங்குமாம். போய் வந்த நேரத்தை வைத்து, தரை எத்தனை அடியில் இருக்கிறது என்று முன்னால் இருக்கிற மீட்டரில் முள் காட்டுமாம்.

"மலையப் பாத்துக் கத்துனா திருப்பிக் கத்துதுல்ல, அதேதான் ருக்கு" என்றார் வீட்டுக்காரர், ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே. "ஏரியல்லேருந்து பெட்டி வரைக்கும் ஒரு வயரு. அத ஒரு இஞ்சுகூட வெட்டக்கூடாது. வயரோட நீளத்தையும் சேத்துத்தான் அது கணக்கு வச்சிருக்கு. மீட்டருக்குப் பின்னால ராஜநாயகம் ஐயா கை நுழையல. என் கைதான் நுழைஞ்சுச்சு."

"ஒல்லிக்குச்சியா இருக்கறதுல இப்படி ஒரு லாபமா" என்றேன்.

அவருக்கு உள்ளூரப் பயம் இருந்தது. அடுப்பு மோட்டாருக்கு வயர் கட்டுகிறவன் விமானத்துக்குக் கட்டியிருக்கிறான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ராஜநாயகம் ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினாராம். ஆனால் நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அது எனக்கு அவர் மேல் ஒரு கடுப்பைக் கொடுத்தது.

ஆயுத பூசையன்று காலையிலேயே வேலை முடிந்தது. ராஜநாயகமும் ஆர்தரும் விமானத்தைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் சோதித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பறந்து பார்ப்பது என்று ஏற்பாடு. நான் பிரிஞ்சாங் பாசாரில் வாங்கிய பூவோடு தொழிற்சாலை முழுக்கப் பொட்டு வைத்து முடித்து, சந்தனக் கிண்ணத்தோடு கீழே ஓடுபாதைக் கொட்டகைக்கு வந்தேன். ராஜநாயகம் அப்போதுதான் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

ஆர்தர் இறக்கையின் நிழலில் உட்கார்ந்திருந்தார். "என்னாக்கா, லோரிக்கெல்லாம் வச்சிட்டீங்க, எம் பிளேனுக்கு மட்டும் இல்லையா?" என்றார். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம்தான், ஆனாலும் தோட்டத்தில் பிறந்தவர் இல்லையா.

"மூக்குல ஒண்ணு வைக்கட்டும், போதும்லா" என்று ராஜநாயகம் சொல்லிவிட்டு நடந்தார். ஆர்தரும் என் வீட்டுக்காரரும் அவர் பின்னாலேயே போனார்கள்.

மூக்கில் வைத்தேன். நல்ல பெரிய பொட்டு. கடைசிக் குங்குமமும் அதோடு தீர்ந்தது. அதோடு நான் போயிருக்கலாம். கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. எனக்குத்தான் விரல் சும்மா இருக்காதே. விமானத்தைச் சுற்றி வந்தேன். பின்பக்கம், வாலுக்கு முன்னால், இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் பத்துக்காசு அளவில் ஒரு வெள்ளித்தகடு பதித்திருந்தது. நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. பார்த்தால் பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம் மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மஞ்சள் விமானத்தில் மஞ்சள் சந்தனம், தெரியக்கூட இல்லை. குங்குமம் இருந்திருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும் என்று அப்போது எனக்கு வருத்தம்தான்.

சாப்பிட்டுவிட்டு வந்த ராஜநாயகம் மூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மூக்குல மட்டும்தானே?"

கேட்ட கேள்வியில் தப்பில்லை. கேட்ட விதம் அந்தக் காலத்துக் கங்காணி கேட்பதுபோல இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. நாலு நாள் என் புருஷன் முதுகு ஒடிய வேலை செய்ததற்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை, இதில் என்னை வேறு விசாரணையா?

"மூக்குல மட்டும்தாங்கய்யா" என்றேன்.

அதற்குள் மேற்கே மேகம் திரள ஆரம்பித்திருந்தது. அக்டோபரில் எங்கள் மலையில் மத்தியானத்துக்கு மேல் எதையும் நம்ப முடியாது. "அரை மணி நேரத்துல போயிட்டு வந்திடலாம், சீக்கிரம் ஏறுங்க" என்று ஆர்தர் அவசரப்படுத்தினார். காலையிலேயே சுற்றிப் பார்த்தாயிற்று என்று அவர் மறுபடி சுற்றவில்லை. புது மீட்டர் சொல்வதை எழுதிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று என் வீட்டுக்காரரும் ஏறினார். வாழ்நாளில் முதல் தடவை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

விமானம் புல்லில் ஓடி, எழும்பி, பள்ளத்தை ஒட்டி நிற்கிற ஏழாம் நம்பர் மலைக்கு மேலே திரும்பியது. நான் கொட்டகையிலேயே உட்கார்ந்தேன். பூசைச் சுண்டலும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் வைத்திருந்தேன். இறங்கி வந்ததும் கொடுக்கலாம் என்று. ராஜநாயகம் மேசையில் இருந்த ரேடியோ பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். அதில் மேலே பேசுவது இங்கே கேட்கும்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் குரல் வந்தது: "ஐயா, புது முள்ளு தொள்ளாயிரம் காட்டுதுங்க. இப்ப எண்ணூத்தம்பது." பிறகு ஆர்தர் சொன்னார்: "பழைய மீட்டர் இன்னிக்கு கொஞ்சம் தூங்குது அங்கிள். ஏறும்போது மெதுவாத்தான் ஏறுச்சு. குளிருக்குப் போல."

இருபது நிமிஷம் போயிருக்கும். மேகம் மலையிலிருந்து சரிந்து வந்து பள்ளத்துக்கு மேலே மூடிபோட்டதுபோல உட்கார்ந்துவிட்டது. கீழே இருந்த எங்களுக்குச் சுற்றிலும் தெளிவாகத் தெரிந்தது. மேலே பார்த்தால் வெறும் சாம்பல். விமானம் அந்த மூடிக்கு மேலே மாட்டிக்கொண்டது. சத்தம் மட்டும் கேட்டது.

"ஈப்போ பக்கம் போயிடு" என்றார் ராஜநாயகம்.

"அந்தப் பக்கம் இடி இடிக்குது அங்கிள். கம்போங் ராஜா பக்கமும் அடைச்சிடுச்சி. எண்ணெயும் சோதனைக்குன்னு கொஞ்சமாத்தான் போட்டோம். இங்கதான் இறங்கணும்."

"சரி. பள்ளத்துல தரையிலேருந்து அறுநூறு அடி வரைக்கும் தெளிவா இருக்கு. ஏழாம் நம்பர் மலையத் தாண்டி உள்ள வா."

மேகத்துக்குள் நுழைந்தார்கள். ராஜநாயகம் பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அங்கிள்." ஆர்தர் குரல் மாறியிருந்தது. "இப்ப மலைக்கு மேலதான் இருக்கேன். பழைய மீட்டர்படி மலை உச்சிக்கு மேல எழுநூறு அடியில இருக்கேன். புதுசு முந்நூறுதான் காட்டுது. நானூறு அடி வித்தியாசம். மலையத் தாண்டும்போதே நானூறு இறக்கினாத்தான் பள்ளத்துல சரியா இறங்க முடியும். புதுசு பொய் சொல்லுது போல. ஆஃப் பண்ணிடவா?"

கேட்டவர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பழையது வருஷக்கணக்காகக் காட்டுகிற மீட்டர். புதுசு அன்றைக்குக் காலையில்தான் பொருத்தி முடித்தது. அதுவும் தேயிலைத் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் கைவைத்தது. தன் வேலைதான் தப்பாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் மேலே உட்கார்ந்து கூனிக் குறுகியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

ராஜநாயகம் மைக்கை எடுத்தார். "பழசையே நம்பு ஆர்தர். அது காத்தை இழுத்துத்தான் உயரம் சொல்லுது. பின்னால ரெண்டு பக்கமும் துளை, அந்தத் துளை வழியா மூச்சு விடுது, அவ்வளவுதான். அதுல கெட்டுப்போறதுக்கு ஒண்ணுமே இல்ல. புதுசை…"

பின்னால். இரண்டு பக்கமும். துளை.

என் மோதிர விரல் குளிர்ந்து போனது. பத்துக்காசு அளவு தகடு. கெட்டியாகக் குழைத்த சந்தனம். ஒரே அழுத்து.

இதை மறைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன் என்று நான் சொல்லியே ஆகவேண்டும். யோசித்தேன். சற்று முன்புதான் இந்த மனிதர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருந்தேன். சந்தனப் பொட்டுக்கும் மீட்டருக்கும் என்ன சம்பந்தம், பைத்தியக்காரப் பொம்பளை என்பார்களோ என்றும் தோன்றியது. ஆனால் மேலே போனது என் தாலி இல்லையா. தோசை தின்ற பிள்ளையும் இல்லையா.

"ஐயா, அந்தத் துளைய நான் அடைச்சிட்டேன்" என்றேன். "ரெண்டு பக்கமும் சந்தனம் வச்சேன். மூக்குல மட்டும்னு சொன்னது பொய்யிங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. ஏன் வைத்தாய் என்று கேட்கவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. இப்போது சொல்வது மட்டும் நிஜமா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், பதில் சொல்லியிருப்பேன், அதற்குள் நானூறு அடி இறங்கியிருக்கும்.

மைக் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. "ஆர்தர், ஏத்து. உடனே ஏத்து. பழைய மீட்டருக்குத் துளை அடைச்சிருக்கு, காத்து மெதுவாத்தான் போகுது. அது சொல்றது பழைய உயரம். புதுசுதான் நிஜம். புதுச மட்டும் பாரு."

இஞ்சின் சத்தம் ஓங்கியது. எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ, சாம்பலுக்குள்ளே, அது திணறி ஏறுவது கேட்டது. பிறகு ஆர்தர்: "புதுசு நூத்தி எண்பது வரைக்கும் போச்சு அங்கிள். இப்ப இருநூத்தம்பது. முந்நூத்தம்பது."

நூற்றி எண்பது. எங்கள் தொழிற்சாலைப் புகைக்குழாய்க்கு மேல் இன்னொரு புகைக்குழாயை நிறுத்தினால் வந்துவிடும்.

"செல்லையா" என்று ராஜநாயகம் மைக்கில் கூப்பிட்டார். "ஏறுறது இறங்குறது காட்டுற சின்ன மீட்டர் இருக்கு பாருங்க, பழசுக்குப் பக்கத்துல. அதோட கண்ணாடிய உடைங்க. ஸ்க்ரூ டிரைவர் பிடியால அடிங்க. பிளேனுக்குள்ள இருக்கற காத்து அந்த வழியாப் பழைய மீட்டருக்கும் போகும்."

நாலு நாள் பொத்திப் பொத்தி வேலை செய்த மனுஷனிடம் போய் கண்ணாடியை உடை என்றால்? முதல் அடியில் உடையவில்லை. இரண்டாவதில் உடைந்தது, ரேடியோவிலேயே கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் குரல்: "ஐயா, பழைய முள்ளு மெல்ல மெல்ல இறங்குதுங்க. புதுசு சொல்றதுக்குப் பக்கத்துல வருதுங்க."

"நல்லது. கைய எடுத்துடுங்க, கண்ணாடி கிழிக்கும்."

அதற்குப் பிறகு அவர்களைக் கூட்டி வந்தது அந்தப் புது மீட்டர்தான். என் வீட்டுக்காரர் எண்களைப் படித்துக்கொண்டே வந்தார். நானூறு. நானூற்றைம்பது. நானூறு. திடீரென்று எழுநூறு, ஆயிரம், ஆயிரத்து நானூறு. விமானம் ஏறவில்லை, கீழே இருந்த மலைதான் முடிந்துவிட்டது. "மலையத் தாண்டியாச்சு, பள்ளத்துக்குள்ள இருக்கீங்க, இறங்கலாம்" என்றார் ராஜநாயகம். எழுந்து நின்றுவிட்டார். நானும் நின்றேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. அவரும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அவரும் மாதா கோயிலுக்குப் போகிறவர், அது மாதாவாக இருக்கும்.

ஆயிரம். எண்ணூறு. அறுநூற்றைம்பது.

மேகத்தின் அடியிலிருந்து மஞ்சளாக ஏதோ பிதுங்கியது. முதலில் சக்கரம், பிறகு வயிறு, வயிற்றில் இரண்டு தட்டு. என் புருஷன் திருகி வைத்த தட்டு. அதைப் பார்த்ததும் கொட்டகைக்கு வெளியே வந்தேன். புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கி நின்றதும் நான்தான் முதலில் ஓடினேன். வீட்டுக்காரர் கையில் கண்ணாடி கிழித்து ரத்தம். "ஒரு கண்ணாடிய உடைக்கத் தெரியல, ரெண்டு அடி" என்று திட்டிக்கொண்டே முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். திட்டவில்லை என்றால் அழுதிருப்பேன். எல்லார் முன்னாலும் அழ எனக்கு வராது. பிறகு எப்படியோ வந்துவிட்டது.

ராஜநாயகம் வாலுக்கு முன்னால் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு பொட்டும் அப்படியே இருந்தன. காய்ந்து, முடி அளவுக்கு ஒரு கீறல். அந்தக் கீறல் வழியாகத்தான் அந்த மீட்டர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஈரத் துணியால் துடைத்து, மெல்லிய கம்பியால் சுரண்டி எடுத்தார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். துரையிடம் சொல்வார், வேலை போகும், வீட்டுக்காரர் வேலையும் சேர்ந்து போகும் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். நியாயம்தானே? இரண்டு உயிரை எமன் வாசல் வரை அனுப்பிவிட்டு வந்தவள் நான்.

"தப்பு என்னுது அங்கிள்" என்றார் ஆர்தர். "ஏறும் முன்னாடி சுத்திப் பாக்க வேண்டியது நான். பாக்கல. முள்ளு தூங்குதுன்னு தெரிஞ்சும் மேல பறந்தேன்."

"பொட்டு வைக்க உட்டுட்டுச் சாப்பிடப் போனது நான்" என்றார் ராஜநாயகம். "கேட்டதோட விட்டேன். போய்ப் பாத்திருக்கணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "வச்சது நானு. பொய் சொன்னது நானு. ஆளாளுக்கு என் தப்பப் பங்கு போட்டுக்கிட்டா எப்படி?" என்றேன்.

ராஜநாயகம் முதல் தடவையாகச் சிரித்தார். பல் நல்ல வரிசையாக இருந்தது. கொட்டகைக்குள் போய், விமானத்துக்கென்று இருக்கிற பெரிய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து இங்கிலீஷில் எழுதினார். எழுதி முடித்து எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். இரண்டு துளையும் சந்தனத்தால் அடைபட்டிருந்தன. பறக்கும் முன் சோதிக்கவில்லை. இனிமேல் தரையில் நிற்கும்போது துளைகளுக்குச் சிவப்பு மூடி போடவேண்டும். புது மீட்டர் சரியாக வேலை செய்தது. வயர் வேலை, செல்லையா. கோளாறைக் கண்டுபிடித்தவர், ருக்குமணி.

"கண்டுபிடிச்சவளா?" என்றேன். "ஐயா, அடைச்சவளே நான்தாங்க."

"அடைச்சத உங்க பேருல எழுதணும்னா எழுதறேன். ஆனா ரெண்டையும் ஒண்ணாத்தான் எழுதுவேன்" என்றார். அப்படியே எழுதவும் செய்தார். அடைத்தவர் ருக்குமணி, கண்டுபிடித்தவர் ருக்குமணி. கம்பெனிக்காரர்கள் அதைப் படித்துத் தலையைச் சொறிந்தார்களாம்.

என் வீட்டுக்காரர் 'வயர் வேலை, செல்லையா' என்ற வரியைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்று தடவை கேட்டார். பிறகு எல்லாரும் ஆறிப்போன சுண்டலைத் தின்றோம். அவ்வளவு ருசியான சுண்டலை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. சாப்பிட்ட கையோடு ராஜநாயகத்திடம் போய், "நீங்க ஏன்னு கேக்காததுக்கு நன்றிங்கய்யா" என்றேன். அவருக்குப் புரிந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு நான் விமானத்துப் பக்கமே போகவில்லை. லோரிக்கு வைத்தேன், தராசுக்கு வைத்தேன், தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆர்தர் ஆள் அனுப்பினார். வரமாட்டேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் ராஜநாயகமே நின்றார், அதே வெள்ளைச் சட்டை, அதே டார்ச். ஈப்போவிலிருந்து வருஷாந்திரச் சோதனைக்கு வந்திருந்தார்.

"சந்தனத்த எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். அதே அதட்டல்தான். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

மஞ்சள் விமானத்தின் இரண்டு பக்கமும் சிவப்பு மூடி போட்டு, முழ நீளத்துக்கு நாடா தொங்கியது. மூக்கில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன். விரலை அங்கேயே முந்தானையில் துடைத்துக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஆர்தர் விமானத்தைச் சுற்றி வந்து சக்கரம், இறக்கை, வால் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். மூடிகளை மட்டும் தொடவில்லை. ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர், காதில் பென்சில்.

"மூடிய நீங்க எடுங்க" என்றார் ராஜநாயகம். "எடுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"நானாங்கய்யா? என் வார்த்தையவா நம்பிப் பறக்கப் போறாங்க?"

"உங்க வார்த்தைய நம்பித்தான் போன வருஷம் இறங்குனாங்க."

இந்தப் பக்கத்து நாடாவை இழுத்தேன். குனிந்து, துளைக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவர் டார்ச்சைக் கொடுத்தார், அடித்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் போய் அதையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மறுபடி ஒரு தடவை பார்த்தேன். ஆர்தர் இஞ்சினைக் கிளப்பாமல் காத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் தொறந்திருக்குங்கய்யா" என்றேன்.

ராஜநாயகம் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்.